பழைய தொப்பி

ஒரு கருத்தைத் தவறென்று நிறுவுதல் அரிது. அது பழையதென்று சொல்லிவிடுதல் எளிது. ஆதலால் எம்மொழியாரும் இவ்வெளிய வேலைக்கு வேண்டிய சொற்றொடர்களைத் தமக்கென ஆக்கி வைத்துக்கொண்டிருக்கின்றனர். நம்மவர், காலத்துக்கு ஒவ்வாத கொள்கையுடைய ஒருவரைக் கண்டால் 'பழைய பஞ்சாங்கம்' என்பர். அவருடைய நடையுடை பாவனைகளைக் கண்டு 'சுத்தக் கர்நாடகம்' என்று நகைப்பர். ஆங்கிலேயர் ஏறக்குறைய இவ்விடங்களிலெல்லாம் 'ஓல்ட் ஹாட்' என்கின்றனர். 'பழைய தொப்பி' என்பது அதன் நேர்ப்பொருள். ஒருகாலத்தில் பலராலும் விரும்பப்பட்டு, இப்பொழுது வழக்கொழிந்து, கேட்போர்க்குச் சலிப்பையே விளைவிக்கும் பாணி, கருத்து, கலை முதலியவற்றை அத்தொடராற் சுட்டுவர். இத்தொடரின் வரலாற்றையும், இதனைக் கையாளுவோர் எண்ணிப் பார்க்க வேண்டுவதொன்றையும் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. கல்லூரி நூல்நிலையத்தில் இடம் போதாமையால், பல ஆண்டுகளாக எவரும் எடுத்துச் செல்லாத நூல்களை ஆராய்ந்து, நீக்கத்தக்கனவற்றைக் குறித்துத் தரும்படி ஆசிரியர் சிலரைக் கேட்டிருந்தனர். அப்பணியில் ஒரு பகுதி எம்மிடம் வந்தது. ஒரு மாலைப்பொழுதில் அலமாரி அலமாரியாகச் சென்று, நூலின் பெயரை மட்டும் நோக்கிப் பட்டியலில் அடையாளமிட்டுக்கொண்டே வந்தோம். உதவிக்கு வந்திருந்த மாணவர் ஒருவர் தடித்த நூலொன்றை எடுத்துக் காட்டி, "இது இருக்கட்டுமா, ஐயா?" என்றார். யாம் நிமிர்ந்தும் பாராமல், "ஓல்ட் ஹாட்" என்றோம். அவர் அந்நூலைக் கீழே வைக்கவில்லை. சிறிது பொறுத்து, "ஐயா, இந்நூல் சொல்வது பொய்யென்று தெரிந்ததால் நீக்குகிறோமா? அல்லது யாரும் கேட்கவில்லை என்பதால் நீக்குகிறோமா?" என்று பணிவாக வினவினார். எம்மிடம் விடையில்லை. அந்நூலை யாம் படித்ததில்லை.

அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். அதற்கு விடை காணுமுன், தொப்பி இத்தொடருக்குள் வந்து புகுந்தவாற்றை நோக்குவோம்.

மேனாட்டார்க்குத் தொப்பி வெறுந் தலைக்காப்பு மட்டுமன்று. ஒருவருடைய தொழில் யாது, செல்வநிலை யாது, அவர் நகரத்தாரா நாட்டுப்புறத்தாரா என்பனவற்றையெல்லாம் அவர் தலையைப் பார்த்தே அறிந்துகொண்ட காலம் ஒன்றிருந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் உயர்ந்த தொப்பி என்றால் அது பீவர் என்னும் விலங்கின் உரோமத்தால் ஆனதே. அவ்விலங்கின் அடிமயிர் நுண்ணிய செதில்களையுடையது. வெந்நீரும் ஆவியும் ஊட்டிப் பிசைந்து அழுத்தினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நெய்யாமலே உறுதியான துணியாகிவிடும். மழையில் நனைந்தாலும் அத்தொப்பி எளிதில் உருக்குலையாது. ஐரோப்பாவில் அவ்விலங்கு அருகிப்போகவே, வணிகர் வடஅமெரிக்காவை நாடினர். 1670-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் சார்லஸ் பட்டயம் அளித்த ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனியின் செல்வம் பெரும்பாலும் பீவர்த் தோலினால் வந்தது. ஒரு கண்டத்தின் காடுகளும் ஆறுகளும் மற்றொரு கண்டத்தாரின் தலையழகுக்காக வேட்டையாடப்பட்டன.

முயல் முதலிய மலிவான உரோமங்களையும் அவ்வாறே பிணையச் செய்தற்குத் தொப்பித் தொழிலாளர் பாதரச உப்பைக் கையாண்டனர். அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கைந்நடுக்கமும் மனக்கலக்கமும் நேர்ந்தன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1941-ஆம் ஆண்டிலேதான் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. ஆகவே அழகிய தொப்பியொன்றின் விலையை அணிந்தவர் மட்டுமே கொடுக்கவில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பீவர்த் தொப்பி, 1830, 1840-களில் பளபளப்பான பட்டுத் தொப்பி பரவியவுடன் மதிப்பிழந்தது. பிறகு 1849-ஆம் ஆண்டில் லண்டனில் உருண்டை வடிவான 'பௌலர்' தொப்பி தோன்றியது. அதன் பின்னும் எத்தனையோ வகைகள் வந்தன. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. மிதியடி தேய்ந்து பழையதாகிறது. சட்டை கிழிந்து பழையதாகிறது. தொப்பியோ பெரும்பாலும் தேய்வதற்கு முன்னரே பழையதாகிவிடுகிறது. பீவர்த் தொப்பியின் உறுதி நேற்று இருந்தவாறே இன்றும் இருந்தது. மாறியது தெருவிற் செல்வோரின் கண்ணே. வழக்கொழிந்த பொருளுக்கு உவமையாக ஆங்கிலேயர் ஆடையணிகள் பலவற்றுள்ளும் தொப்பியைத் தெரிந்தெடுத்தது மிகப் பொருத்தமென்று எமக்குத் தோன்றுகின்றது.

இப்பொருளில் இத்தொடர் எழுத்தில் ஏறியது நாம் எண்ணுமளவு பழங்காலத்தன்று. ஆர்தர் குயில்லர்-கூச் என்பவர் 1911-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரதர் கோப்பஸ்' என்னும் நாவலில் இது வருவதை முந்திய மேற்கோள்களுள் ஒன்றாகக் காட்டுவர். இவ்வாசிரியர் 1900-ஆம் ஆண்டில் 'ஆக்ஸ்போர்டு ஆங்கிலக் கவிதைத் திரட்டு' என்னும் நூலைத் தொகுத்தவர்; 1912 முதல் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக விளங்கியவர். அவர் காலத்தில் தொப்பியின்றித் தெருவில் இறங்கும் கனவானைக் காண்பது அரிது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரோ, மோட்டார் வண்டிகளின் பெருக்கம் முதலிய பல காரணங்களால், மேனாடுகளில் நாள்தோறும் தொப்பியணியும் வழக்கம் மெல்ல மெல்லக் குன்றிற்று. தொப்பி தலையைவிட்டு இறங்கிவிட்டது. தொடர் மட்டும் நாவில் நின்றுவிட்டது. வழக்கொழிந்தவற்றைச் சுட்டும் இச்சொற்றொடரே வழக்கொழிந்த பொருளொன்றின் பெயரைத் தாங்கி நிற்பது வியப்பன்றோ!

இனி நம் 'பழைய பஞ்சாங்கத்தை'யும் ஆங்கிலேயரின் 'பழைய தொப்பி'யையும் ஒப்பிட்டு நோக்குவோம். இரண்டும் ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும், அவற்றினிடையே ஆழ்ந்த வேறுபாடொன்றுண்டு. சென்ற ஆண்டின் பஞ்சாங்கம் இவ்வாண்டின் திதியைக் காட்டாது. அதனை நம்பி நாட்குறிப்போன் தவறியே தீருவான். அது பழையதானது நம் கண்ணின் மாற்றத்தாலன்று. அது கூறும் செய்தி உண்மையிலேயே கடந்துவிட்டது. தொப்பியின் நிலை அத்தகையதன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய தொப்பியும் இன்றைய வெயிலை மறைக்கும். எனவே பழையவை எனப்படுவன இருவகைப்படும்: பொய்யாகிப் போனதால் விடப்பட்டவை ஒருவகை, சலித்துப் போனதால் விடப்பட்டவை மற்றொருவகை. முன்னதைப் பஞ்சாங்கம் என்றும் பின்னதைத் தொப்பி என்றும் கொள்வோமாயின், அம்மாணவர் வினவிய வினா, "இது பஞ்சாங்கமா, தொப்பியா?" என்பதேயாம். இதனை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம்.

முதலாவது, ஒரு தொப்பியே. இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர் அணிந்த 'சோலா' தொப்பியைப் பழைய புகைப்படங்களில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சோலா என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடி; அதுவே தமிழில் நெட்டி எனப்படுவது. மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்திற் கட்டும் நெட்டிமாலையும், தஞ்சையில் செய்யப்படும் வெண்ணிறக் கோயில் உருவங்களும் அச்செடியின் தக்கையால் ஆனவையே. 'சோலா' என்பதனைச் சூரியனைக் குறிக்கும் 'சோலார்' என்னும் ஆங்கிலச் சொல்லாகப் பிறழக் கொண்டோரும் பலர். அப்பிறழ்ச்சிக்கும் காரணமுண்டு. அயனமண்டலத்துச் சூரியனின் ஒருவகைக் கதிர்கள் வெள்ளையரின் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் ஊடுருவிக் கேடு விளைக்கும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் பலர் எழுதினர். ஆகவே பகலில் தலைக்குச் சோலா தொப்பியும், முதுகுக்குத் தடித்த துணிப்பட்டையும் இன்றியமையாதன எனக் கருதப்பட்டன. இந்நாட்டு உழவர் நண்பகலிலும் தலையில் ஒரு துண்டோடு வயலில் நிற்பதை அவர்கள் நாள்தோறும் கண்டனர். கண்டும், அவர்தம் உடலமைப்பு வேறென்று காரணங் கற்பித்துக்கொண்டனர்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் மெல்லிய துணித் தொப்பிகளை அணிந்து பர்மாவின் வெயிலிலும் பாலைவனத்தின் வெயிலிலும் உழைத்தனர். அஞ்சிய கேடு நேரவில்லை. கதிர்கள் மண்டையைத் துளைப்பதாலன்று, உடலின் வெப்பம் அளவுக்கு மீறுவதாலேயே வெப்பத்தாக்கு உண்டாகிறது என்பதும், அதற்கு நீரும் நிழலும் ஓய்வுமே காப்பு என்பதும் இன்று தெளிவு. சோலா தொப்பி 1940-களிலேயே பெரிதும் வழக்கொழிந்தது. நாடு திரும்பிய ஆங்கிலேயர் சிலர் கப்பலிலிருந்து அதனைக் கடலில் வீசியெறிந்து மகிழ்ந்தனர் என்பர். இஃது உருவத்தில் தொப்பியாயினும் இயல்பிற் பஞ்சாங்கம். சலிப்பினால் விடப்படாமல் அனுபவத்தினாற் சோதிக்கப்பட்டு விடப்பட்டது. நிழல் தரும் தொப்பி இன்றும் நன்றே. பொய்யாய்ப் போனது அதன்மேல் ஏற்றிய கோட்பாடு மட்டுமே.

இரண்டாவது எடுத்துக்காட்டு, கப்பலோட்டிகளை வாட்டிய ஸ்கர்வி என்னும் நோயைப் பற்றியது. நெடுங்காலம் கடலிற் சென்றவர்க்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும்; பழைய புண்கள் மீண்டும் திறக்கும்; முடிவில் உயிர் நீங்கும். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், 'ஸாலிஸ்பரி' என்னும் போர்க்கப்பலில், நோயுற்ற மாலுமிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துச் சோதித்தார். நாள்தோறும் கிச்சிலிப் பழமும் 'லெமன்' என்னும் எலுமிச்சை வகையும் பெற்ற இருவரே விரைவில் தேறினர். அவருடைய நூல் 1753-இல் வெளிவந்தது. எனினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை மாலுமிகளுக்கு முறையாக வழங்க ஏற்பாடு செய்தது 1795-ஆம் ஆண்டிலேதான். அதன் பின்னர் அந்நோய் அப்படையில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அறிவின் வெற்றியாக இருந்திருக்கும். 1860-களில் மத்தியதரைக் கடற்பகுதியின் லெமனுக்கு மாற்றாக, மேற்கிந்தியத் தீவுகளில் விளையும் 'லைம்' என்னும் சிறுவகையின் சாறு வழங்கப்பட்டது. புளிப்பில் இரண்டும் ஒன்றே. நோய் தடுக்கும் ஆற்றலிலோ பின்னது மிகக் குறைந்தது. நீராவிக் கப்பல்களால் பயணம் சுருங்கியிருந்தமையின் அக்குறை வெளிப்படவில்லை. 1875, 1876-ஆம் ஆண்டுகளில் வடதுருவம் நாடிச் சென்ற நேர்ஸ் என்பவரின் கூட்டத்தாரைச் ஸ்கர்வி பற்றியபொழுதுதான் அது வெளிப்பட்டது. அப்பொழுது அறிஞர் பலர், 'சாறு மாறியது' என்று ஆராயாமல், 'பழச்சாறு என்பதே பழைய நம்பிக்கை' என்று ஐயுறலாயினர். கிருமியியல் புகழ்பெற்று ஓங்கிய காலம் அது. டப்பாக்களில் அடைத்த இறைச்சி கெட்டு நஞ்சாவதே நோய்க்குக் காரணம் என்னும் புதிய கொள்கை செல்வாக்குப் பெற்றது. 1901 முதல் 1904 வரை தென்துருவப் பகுதியில் ஆராய்ந்த ஸ்காட்டின் கூட்டத்திலும் ஸ்கர்வி தோன்றிற்று. நூற்றாண்டுக்கு முன் ஒரு சாதாரண மாலுமி அறிந்திருந்ததை, கல்வியிற் சிறந்த மருத்துவர்கள் மறந்து நின்றனர். 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டறிஞர் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிஹும் சீமைப்பெருச்சாளிகளைக் கொண்டு செய்த சோதனைகளால் உணவுக்குறையே காரணம் என்பது புலனாகத் தொடங்கியது. 1930-களின் தொடக்கத்தில் 'சி' வைட்டமின் இன்னதென்று உறுதியாயிற்று. அவ்வாராய்ச்சியில் முன்னின்ற ஸென்ட்-கியோர்கி 1937-இல் நோபல் பரிசு பெற்றார்.

லிண்டின் எலுமிச்சையைப் பொய்யென்று எவரும் காட்டவில்லை. அது பழையதாயிற்று, அவ்வளவே. தொப்பியைப் பஞ்சாங்கமென்று மயங்கியதால் நேர்ந்த துன்பம் இது. 'பழைய தொப்பி' என்னும் சொல் விளையாட்டுச் சொல்லே. ஆயினும் சிலவிடங்களில் அதன் விலை மனிதர் உயிராக இருந்திருக்கின்றது.

மூன்றாவது, கலையைப் பற்றியது. 1631-ஆம் ஆண்டில் மறைந்த ஆங்கிலக் கவிஞர் ஜான் டன், தம் காலத்தில் பெரிதும் போற்றப்பட்டவர். அடுத்த நூற்றாண்டில் தெளிவும் ஒழுங்குமே கவிதைக்கு அழகென்னும் சுவை பரவவே, அவருடைய நடை கரடுமுரடானதாகவும் வலிந்து கொண்ட கற்பனையாகவும் தோன்றிற்று. 1779-ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்ஸன் கவிஞர் கௌலியின் வாழ்க்கையை எழுதியபொழுது, டன் முதலிய அம்மரபினரைக் கடுமையாகவே மதிப்பிட்டார். பிறகு நெடுங்காலம் டன்னைப் படிப்போர் சிலரே. 1912-இல் கிரியர்ஸன் அவர் கவிதைகளைச் செவ்விய பதிப்பாக வெளியிட்டார், 1921-இல் டி. எஸ். எலியட் அம்மரபினரைப் பாராட்டிக் கட்டுரை வரைந்தார். அதன்பின் டன், புதுமைக் கவிஞர்களுக்கு வழிகாட்டியானார்! அக்கவிதைகளில் ஓரெழுத்தும் மாறவில்லை. மூன்று நூற்றாண்டுகளில் மாறியது படிப்போரின் செவியே. கலையில் ஒன்றைப் பொய்யென்று நிறுவுதற்கு இடமே பெரிதும் இல்லை. ஆதலின் அங்குப் 'பழைய தொப்பி' என்பது பொருளின் குணத்தைக் கூறாமல், சொல்லுவோர் நின்ற காலத்தையே கூறும்.

இங்ஙனங் கூறுவதனால், பழையன யாவும் நல்லன என்று யாம் சாதிப்பதாக எவரும் கொள்ளற்க. அதுவும் ஆராயாமற் கூறும் சொல்லே. சொல் வழக்கில் பழையவை நீங்கிப் புதியவை வருதல் காலத்தின் இயல்பென்றும், அது குற்றமாகாதென்றும் நன்னூலாரே நமக்கு இசைவு தந்திருக்கின்றார். ஆனால் அவர் அதனை வழக்குக்குக் கூறினார், மெய்ம்மைக்குக் கூறினாரல்லர். வழக்கு காலத்தால் மாறும். மெய்ம்மையோ சோதனையால் மட்டுமே மாறத்தக்கது.

ஆதலின், பழையதென்று ஒன்றைத் தள்ள முற்படும்பொழுது நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டுவன மூன்று. இதனை யார், எப்பொழுது, எச்சோதனையால் தவறென்று கண்டார்? தவறென்று காணாதவிடத்து, இதனை விட்டது நம் சலிப்பா? இதன் இடத்தில் வந்து நிற்கும் புதியது, இது செய்த வேலையைச் செய்கின்றதா, அன்றிப் புளிப்பு மட்டும் ஒத்த வேறொரு பழமா? மாணவர்க்கு இவ்வினாக்கள் தேர்வில் வாரா. ஆயினும் கல்லூரியை விட்டு நீங்கியபின் அவர்கள் எழுதப்போகும் தேர்வுகளிலெல்லாம் இவையே வரும்.

முடிவில், அத்தடித்த நூல் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். அதனை வீட்டுக்குக் கொண்டுசென்று பத்து நாட்களிற் படித்து முடித்தோம். அதன் பெரும்பகுதி பிற்கால ஆராய்ச்சியால் உண்மையாகவே தள்ளுண்டது. அதனை நீக்கியது முறையே. பட்டியலில் எம் அடையாளத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அவ்வலமாரியில் யாம் பெயரளவில் நோக்கி அடையாளமிட்டிருந்த மற்றைய நூல்களை மீண்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அவற்றுள் மூன்று இன்று தம் பழைய இடத்திலேயே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை இவ்வாண்டு ஒருவர் எடுத்துச் சென்றிருக்கின்றார் என்று ஏட்டிற் கண்டோம். பெயரை நோக்கினோம், அது அன்று எம்மை வினவிய மாணவரின் பெயரே.